ஒன்றுமில்லை

நாம் பேசும் சொற்களை யாராவது உட்கார்ந்து கணக்கெடுத்தால், ‘ஒன்றுமில்லை’ என்பதற்கு முதல் பத்துக்குள் நிச்சயம் ஓர் இடம் கிடைக்கும். கண் கலங்கி நிற்கும் பெண்ணை, "என்னடி?" என்று கேளுங்கள்; "ஒன்றுமில்லை" என்பாள். ஆபீசிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கும் புருஷனைக் கேளுங்கள், அதே பதில்தான். கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் பெரிய உபகாரம் செய்கிறது. ஒரு பாத்திரம் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டால், அங்கே ஏதோ இருக்கிறது என்று வாசகர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நமக்கு ஒரு பக்க வர்ணனை மிச்சம்.

ஆஸ்பத்திரியில் இதன் மதிப்பே வேறு. நள்ளிரவில் ஆட்டோ பிடித்து, சாலையின் மேடு பள்ளங்களையெல்லாம் அடிவயிற்றில் வாங்கிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். அவள் கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்துக்கொண்டே, "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டரம்மா சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கோயிலில் திரை விலகும் நேரத்தில்கூட அப்படி ஒரு முகத்தைக் காண்பது அரிது.

ஆனால் இதே சொல் வீட்டிலும் சொல்லப்படுகிறது. ஆட்டோவைக் கூப்பிடுவதற்கு முன்னால் சொல்லப்படுகிறது. "ஒன்றுமில்லை, சூட்டு வலிதான். சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படு." பார்த்தபிறகு சொல்வது ஒன்று, பார்க்காமலே சொல்வது இன்னொன்று. எழுத்தும் அதேதான், உச்சரிப்பும் அதேதான். பிள்ளைத்தாய்ச்சி விஷயத்தில் இவை இரண்டும் ஒரே சொல் அல்ல என்பதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கர்ப்பத்தைப் பற்றி நம் கதைகளும் சினிமாக்களும் நமக்குச் சொல்லிக் கொடுத்தது அதிகமில்லை. கதாநாயகி மயங்கி விழுவாள். வயதான டாக்டர் நாடி பார்த்துவிட்டுப் புருஷன் முதுகில் தட்டி, இனிப்பு எங்கே என்று கேட்பார். அடுத்த காட்சியில் பிரசவ அறைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். புருஷன் வராந்தாவில் இப்படியும் அப்படியும் நடப்பான். நடுவில் உள்ள ஏழெட்டு மாதங்களைக் கத்தரித்து எறிந்துவிடுவார்கள். அந்த மாதங்களில்தான், ராத்திரி பதினொரு மணிக்கு, "இப்பவே போகலாமா, விடியட்டுமா?" என்ற கேள்வி வீட்டுக் கூடத்தில் வந்து நிற்கிறது. அதற்கு யார் பதில் சொல்வது என்பதில் ஒரு நாவலுக்கு வேண்டிய விஷயம் அடங்கியிருக்கிறது.

நாவலாசிரியை ஒருத்தியின் வாழ்க்கையிலேயே இந்தக் கேள்வி வந்திருக்கிறது. ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ எழுதிய மேரி ஷெல்லி, 1822 ஜூன் மாதம் இத்தாலியில் லெரிச்சி என்ற ஊருக்கு அருகே ஒரு கடற்கரை வீட்டில் இருந்தாள். வயது இருபத்து நான்கு. சில மாதக் கர்ப்பம் கலைந்து, ரத்தம் நிற்காமல் பெருகிக்கொண்டிருந்தது. டாக்டருக்கு ஆள் போயிருந்தது. பனிக்கட்டிக்கும் ஆள் போயிருந்தது. பனிக்கட்டி முதலில் வந்து சேர்ந்துவிட்டது. டாக்டர் வராமல் அதை உபயோகிக்க வீட்டிலிருந்த மற்ற இரண்டு பெண்களும் பயந்தார்கள். அவள் கணவன், கவி ஷெல்லி, யார் சொன்னதையும் கேட்கவில்லை. பனிக்கட்டியைத் தாராளமாக உபயோகித்து அவளை அதிலே உட்கார வைத்தான். ரத்தம் நின்றது. அவள் பிழைத்து, 1851 வரை இருந்தாள். அந்த ஷெல்லியோ சுமார் மூன்று வாரம் கழிந்த நிலையில், ஜூலை 8-ல், அதே கடலில் படகு கவிழ்ந்து மாண்டு போனான். இப்படி ஒரு சம்பவத்தைக் கதையில் எழுதினால், பத்திரிகை ஆசிரியர் நம்பும்படியாக இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

மேரியின் தாயாரும் எழுத்தாளர்தான். பெண்களின் உரிமைக்காக 1792-லேயே புத்தகம் எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். 1797 ஆகஸ்டு 30-ல் இந்த மகளைப் பெற்றார். நஞ்சு முழுவதும் வெளியே வரவில்லை. பதினொரு நாளில் பிரசவ ஜுரத்தில் போய்விட்டார். 

(ரத்தப்போக்குக்கு இன்று யாரும் பனிக்கட்டி தேடிப் போக வேண்டாம். ரத்தத்தைக் கெட்டிப்படுத்தவும் கருப்பையைச் சுருங்க வைக்கவும் மருந்துகள் இருக்கின்றன. ஏற்றுவதற்கு ரத்தம் இருக்கிறது. எல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன என்பதுதான் விஷயம்.)

பனிக்கட்டி வந்தும் அதைத் தொடப் பயந்து நின்றார்களே, அந்த இரண்டு பெண்கள். அவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் போல இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் அல்லர். எல்லா வீட்டுக் கூடத்திலும் இருக்கிறார்கள். என் அக்காள் மகளைக் கட்டிக் கொடுத்த வீட்டிலும் இருந்தார்கள்.

காவிரிப் படுகையில், தாலுகா தலைநகரத்திலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். மாமியார் மாமனாருடன் கூட்டுக் குடித்தனம். 2017-ம் வருஷ மத்தியில் அவள் உண்டானாள். அந்தப் பிரசவத்துக்கு முன்னால் அவளை நாலு தடவை ராத்திரி வேளையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேர்ந்தது. முதல் மூன்று தடவையும் ‘ஒன்றுமில்லை’.

முதல் தடவை எட்டாவது வாரம். புடவையில் இரண்டு சொட்டு ரத்தம். பதறிக்கொண்டு ஓடினார்கள். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ஏறக்குறைய நாலைந்து பேரில் ஒருவருக்கு இப்படிப் படுவது உண்டு. அவர்களில் பலருக்குக் கர்ப்பம் நல்லபடியாகவே தொடரும். ஆனால் கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயிலேயே தங்கிவிட்டாலும் முதல் அடையாளம் இதே இரண்டு சொட்டாக இருக்கலாம். கர்ப்பம் நூறில் ஒன்றோ இரண்டோ இப்படி ஆகும். குழாய் வெடித்தால் ரத்தம் வெளியே வராது, வயிற்றுக்குள்ளேயே கொட்டும். பெண் ஒரு பக்கத்து அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, வெளிறிப் போய், மயங்கி விழுவாள். சிலருக்குத் தோள்பட்டையில் வலிக்கும். வயிற்றுக்குள் பெருகிய ரத்தம் தோளில் வலியாகத் தெரிவதை யார் கண்டுகொள்வார்கள்? 1883-ல் பர்மிங்ஹாமில் லாசன் டெயிட் என்ற ரண வைத்தியர் துணிந்து வயிற்றைத் திறந்து, வெடித்த குழாயைக் கட்டி ஒரு பெண்ணைப் பிழைக்க வைக்கும் வரையில், இதற்குப் பெரும்பாலும் மரணம்தான் முடிவு. இன்று ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்துப் பார்த்தால் கரு எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. என் அக்காள் மகளுக்கு அது இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தது, இதயமும் துடித்தது. "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்." வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மாமியார் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தார்.

இரண்டாவது தடவை ஆறாம் மாதம். ஒரு கல்யாண வீட்டிலிருந்து திரும்பிய ராத்திரி வயிறு கல்லாக இறுகி இறுகி விட்டது. பொய் வலி. 1872-ல் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் இதை எழுதிவைத்ததால் உலகமெங்கும் அவர் பெயர்தான் இதற்கு வழங்குகிறது. நம் கிழவிகள் அதற்கு வெகுகாலம் முன்பே ‘சூட்டு வலி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். இந்தத் தடவை வீடு திரும்பும்போது மாமனார் ஆட்டோ சத்தம் எவ்வளவு என்று விசாரித்தார்.

மூன்றாவது தடவை குழந்தை துடிக்கவில்லை என்று போனது. ஏழு மாதம் முடிந்த சமயம். மத்தியானத்திலிருந்து அசைவே இல்லை. பக்கத்திலுள்ள ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். வயிற்றைச் சுற்றிப் பட்டை கட்டி, இருபது நிமிஷம் குழந்தையின் இதயத் துடிப்பைக் காகிதத்தில் கோடு போட வைத்தார்கள். குதிரைக் குளம்புச் சத்தம் மாதிரி டகடகவென்று கேட்டதாம். நடுவில் குழந்தை எட்டி ஓர் உதையும் கொடுத்தது. சரியாகவே பார்த்தார்கள், அதில் ஒரு குற்றமும் சொல்வதற்கில்லை. ஆனால் பட்டையை அவிழ்க்கும்போது ராத்திரி டியூட்டியில் இருந்த அம்மாள் ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொன்னார்: "முதல் பிரசவமா? அதான். இதுக்கெல்லாம் நடுராத்திரியில ஓடி வரணுமா?"

சொன்னவருக்கு அது மறுநாளே மறந்திருக்கும். தூக்கம் கெட்டவர், பாவம்; அன்று அது எத்தனையாவது கேஸோ! கேட்டவர்களுக்கு மறக்கவில்லை. அந்த வாக்கியத்தை மாமனார் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுத்த நாலு வாரம் அந்த வீட்டில் அது ஒரு தமாஷாக நடமாடியது. அவள் இடுப்பில் கை வைத்தால், "என்ன, ஆட்டோவைக் கூப்பிடட்டுமா?" என்று மைத்துனன் கேட்பான். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

2018 தை மாதம் வளைகாப்பு. அக்காவும் நானும் போயிருந்தோம். அவளுக்கு முப்பத்து மூன்றாவது வாரம். என்னைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் பூர்ண சந்திரன் மாதிரி இருந்தது. பார்த்தவர்களெல்லாம் பூரிப்பு என்றார்கள். திருஷ்டி கழிக்க வேண்டும் என்றார்கள். வளையல்காரர் வளையல் அடுக்க உட்கார்ந்தார். போன மாதம் அவள் கை வளையல் ஒன்றை மாதிரிக்கு வாங்கிப் போய், அதே அளவில் கொண்டுவந்திருந்தார். முதல் வளையல் கட்டைவிரல் கணுவைத் தாண்டவில்லை. எண்ணெய் தடவினார், அப்படியும் ஏறவில்லை. "அளவு பார்த்துத்தாம்மா கொண்டாந்தேன்" என்று அவர் முகம் சுண்டிவிட்டது. கடைசியில் ஒரு சுற்றுப் பெரிய வளையலைத் தேடி எடுத்துப் போட்டார்கள். பாட்டுப் பாடினார்கள், ஐந்து வகைச் சாதம் பரிமாறினார்கள். சாயங்காலம் ராகு காலம் குறுக்கிட்டதால், மறுநாள் காலையில் பெண்ணைப் பிறந்தகம் அழைத்துப் போவதாக ஏற்பாடாயிற்று.

ராத்திரி பத்தரை மணி இருக்கும். கொல்லைப் பக்கம் போனவள் திரும்பி வந்து, தாழ்வாரத்துத் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லே, சித்தி."

நான்தான் சொன்னேனே, கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் நிமிர்ந்து உட்காரும் பழக்கம் உண்டு. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "தலை வெடிக்கிற மாதிரி இருக்கு. கண்ணு முன்னால மின்மினிப் பூச்சி மாதிரி பறக்குது."

"எப்போதிலிருந்து?"

"தலைவலி நேத்துக் காலையிலேயே வந்திடுச்சு."

"நேற்றே ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"போனா மறுபடியும் ஒண்ணுமில்லேன்னு அனுப்பிடுவாங்களே, சித்தி."

விளக்கைப் போட்டு எல்லாரையும் எழுப்பினேன். பிறகு கூடத்தில் நடந்ததைப் பார்க்க வேண்டுமே! அக்கா, "விடியற்காலையிலே கிளம்பி நம்ம ஊருக்கே போய் நம்ம டாக்டரம்மாகிட்ட காட்டிடலாமே" என்றாள். வீட்டுப் பெண் வேறு ஊர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பதா என்பது அவள் கவலை. மாப்பிள்ளை தாயார் முகத்தைப் பார்த்தார். தாயார் தம் புருஷன் முகத்தைப் பார்த்தார். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். சுக்கு அரைத்துப் பற்றுப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். அத்தனை பேரும் அவளிடம் பிரியமுள்ளவர்கள். பகல் முழுவதும் அவளை மணையில் உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசியவர்கள்.

அவளுடைய தாய் சேய் அட்டையில் கிராம சுகாதாரச் செவிலியரின் போன் நம்பர் இருந்தது. அதைத் தேடி எடுத்து, மாப்பிள்ளையிடம் கொடுத்துப் பேசச் சொன்னேன். அந்த அம்மாள் தூக்கக் குரலில் இரண்டே கேள்விதான் கேட்டார். தலைவலி எவ்வளவு நேரமாக? கண்ணில் ஏதாவது மின்னுகிறதா? பதிலைக் கேட்டதும் குரல் மாறிவிட்டது. "ஆட்டோ வேண்டாம், 108-க்குப் போடுங்க. நானும் பெரியாஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கிறேன்."

வண்டி வந்தது. அதில் இருந்த உதவியாளன் சின்னப் பையன்; என் மூத்த பிள்ளை வயதுதான் இருக்கும். அவளை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்தான். கையில் பட்டையைச் சுற்றி அழுத்திப் பார்த்தான். 170-க்கு 110. அவன் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து அந்த எண்ணை மட்டும் இரண்டு தடவை சொன்னான்.

கர்ப்பத்தில் இருபது வாரத்துக்கு மேல் ரத்த அழுத்தம் 140-க்கு 90-ஐத் தாண்டி, சிறுநீரில் புரதமும் போக ஆரம்பித்தால் அதற்குப் பிரி-எக்லாம்ப்சியா என்று பெயர். நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்காததில் ஆரம்பிக்கிறது என்கிறார்கள். அழுத்தம் தானாக வலிக்காது. அதனால் பெண்ணுக்கே தெரியாது. முகமும் கையும் வீங்குவது பூரிப்பாகத் தெரியும். பிறகு தலைவலி, கண் மங்கல், வலது விலாவுக்குக் கீழே வலி. அதற்கும் பிறகு வலிப்பு. வலிப்பு வந்துவிட்டால் தாய்க்கு மூளையில் ரத்தம் கசியலாம். குழந்தை மூச்சுக்குத் தவிக்கலாம்.

தலைமை ஆஸ்பத்திரியில் இதற்கென்றே தனிக் கட்டடம் இருந்தது. ‘சீமாங்’ என்று ஆட்டோக்காரர்கள்கூடச் சொல்கிறார்கள். பிரசவத்துக்கும் பச்சைக் குழந்தைக்குமான அவசர சிகிச்சை மையம். ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு அங்கே திருவிழாக் கூட்டம். நடக்க முடியாமல் சுவரைப் பிடித்து நிற்பவள் ஒருத்தி. ஸ்டிரெச்சரில் முனகுபவள் ஒருத்தி. பிளாஸ்குடன் தரையில் உட்கார்ந்த தாயார்கள். யாரும் எங்களை "ஏன் இந்நேரத்தில்?" என்று கேட்கவில்லை. ஒரு நர்ஸ் சிறுநீரில் காகிதப் பட்டையை நனைத்துப் பார்த்தாள், நிறம் மாறியது. இன்னொருத்தி வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பைக் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு முப்பது வயதுகூட இராது.

"தலைவலி எப்போ ஆரம்பிச்சுது?"

"நேத்துக் காலையில."

டாக்டரம்மா நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்தார். ஒன்றும் பேசாமல் அதை எழுதிக்கொண்டார்.

மக்னீசியம் ஸல்ஃபேட் ஊசி போட்டார்கள். நரம்பில் ஒன்று, இடுப்பின் இரு பக்கத்திலும் ஒவ்வொன்று. அது என்ன மருந்து தெரியுமா? நம் பாட்டிமார்கள் பேதிக்குக் கொடுத்த அதே பேதி உப்பு! அதைச் சுத்தம் பண்ணி ஊசியாக்கியிருக்கிறார்கள். 33 நாடுகளில் சுமார் 10,000 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2002-ல் வெளியாயிற்று. இந்த உப்பைப் பெற்றவர்களுக்கு வலிப்பு வருவது பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. "உடம்பெல்லாம் நெருப்பா இருக்கு, சித்தி" என்றாள். "அப்படித்தான் இருக்கும், கண்ணு. மருந்து வேலை செய்யுது" என்றாள் நர்ஸ். விடிய விடிய அவள் ஒரு சின்னச் சுத்தியலால் இவள் முழங்காலில் தட்டித் தட்டிப் பார்த்தாள். கால் துள்ளினால் உப்பு அளவோடு இருக்கிறது. துள்ளாவிட்டால் மிஞ்சிவிட்டது என்று அர்த்தமாம்.

அந்த ராத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெகு நேரம் பேசவில்லை. பிறகு, யாரையோ பற்றிச் சொல்வதுபோல் ஆரம்பித்தார். "எங்கக்கா இப்படித்தாம்மா போனா. எழுபத்திரண்டாம் வருஷம். தலைப் பிரசவம். தலைவலிக்குதுன்னு ரெண்டு நாளாச் சொன்னா. ஜன்னி கண்டுடுச்சுன்னு வேப்பிலை அடிச்சாங்க. நான்தான் பக்கத்துல உட்கார்ந்து விசிறிக்கிட்டிருந்தேன். பல்லு கிட்டிப் போச்சு."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. சென்னையில் 1844-ல் தொடங்கி, பிறகு எழும்பூரில் நிலைத்த பிரசவ ஆஸ்பத்திரிக்கு அந்த 1972-ல் நூற்றிருபத்தெட்டு வயது. அந்த அக்காள் படுத்திருந்த திண்ணைக்கும் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரிக்கும் இடையே பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். நாற்பத்தாறு வருஷமாக இதை மனத்தில் வைத்திருந்தவர்தான், அன்று ராத்திரி கூடத்தில் புருஷன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவரும். இரண்டும் ஒரே மனுஷிதான். இதைப் புரிந்துகொள்ளாமல் மாமியாரை வில்லியாக்கி ஒரு தொடர்கதை எழுதிவிடலாம், சுலபம்.

தாய்மார்கள் ஏன் சாகிறார்கள் என்று ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் என்ற இரண்டு பேர் 1994-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்று தாமதங்கள் என்றார்கள்: போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைக்கும் தாமதம். பின்னிரண்டையும் நம் நாட்டில் ஓரளவு சமாளித்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 108 வண்டி 2008 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. தலைமை ஆஸ்பத்திரிகளில் இரவு பகல் எந்நேரமும் ஆபரேஷனுக்கும் ரத்தத்துக்கும் வழி செய்திருக்கிறார்கள். மத்திய சர்க்காரின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, 2001-03-ல் தமிழ்நாட்டில் லட்சம் குழந்தைகள் பிறந்தால் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20-ல் அது 54. சாதாரண விஷயமல்ல. கிராமத்துச் செவிலியரிலிருந்து அந்த வண்டிப் பையன் வரை அதில் எத்தனையோ பேருடைய தூக்கம் சேர்ந்திருக்கிறது.

ஆனால் முதல் தாமதத்துக்கு எந்தச் சர்க்காரும் வண்டி விட முடியாது. அது கூடத்தில் நடக்கிறது. சில சமயம் கூடத்துக்குக்கூட வருவதில்லை. அந்தப் பெண்ணின் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. மூன்று தடவை ‘ஒன்றுமில்லை’ என்று திரும்பியதை ஒரு தமாஷாக்கிய வீட்டில், நாலாவது தடவை அவள் தலைவலியோடு ஒன்றரை நாள் வாய் திறக்காமல் இருந்தாள். அந்த மூன்று பயணமும் வீண் என்று யார் சொன்னது? ஒவ்வொரு தடவையும் ஒரு கேள்வி கேட்கப்பட்டு, பதில் கிடைத்தது. கரு சரியான இடத்தில் இருக்கிறதா? இருக்கிறது. வலி நிஜமா? இல்லை. குழந்தை சுகமா? சுகம். பரீட்சையில் பாஸ் செய்த பையனைப் பார்த்து, "ஏண்டா வீணாகப் பரீட்சைக்குப் போனாய்?" என்று நாம் கேட்பதுண்டா?

பணமும் புகழும் இருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். டென்னிஸ் ஆட்டத்தில் உலகத்தையே வென்ற செரீனா வில்லியம்ஸ் 2017 செப்டம்பரில் ஆபரேஷன் மூலம் மகளைப் பெற்றார். மறுநாள் மூச்சுத் திணறியது. அவருக்கு முன்பே நுரையீரலில் ரத்தக் கட்டி வந்ததுண்டு. அதனால் இன்ன ஸ்கேன் எடுக்க வேண்டும், இன்ன மருந்து வேண்டும் என்று நர்ஸிடம் தாமே சொன்னார். வலி மருந்தின் மயக்கத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தார். முதலில் காலைத்தான் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். அவர் விடவில்லை. கடைசியில் அவர் சொன்ன ஸ்கேனை எடுத்தபோது நுரையீரலில் கட்டிகள் இருந்தன. ஊரறிந்த வீராங்கனைக்கே தன் உடம்பைப் பற்றி இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தால், ஆட்டோ சத்தத்துக்கு மாமனாரைக் கேட்க வேண்டிய பெண் என்ன செய்வாள்?

டாக்டர்களை இங்கே நான் குறை சொல்லவில்லை. விடிய விடிய நிற்கிறவர்களின் கால் வலி எனக்குத் தெரியும். இருந்தாலும், பார்த்து முடித்துச் சொல்கிற ‘ஒன்றுமில்லை’யோடு, "சந்தேகம் வந்தால் மறுபடியும் வாம்மா" என்று அரை வாக்கியம் சேர்த்தால் அதற்குச் செலவென்ன?

எப்போது போக வேண்டும் என்று என்னைச் சில வாசகிகள் கேட்டிருக்கிறார்கள். நான் வைத்தியம் படித்தவள் அல்ல. அந்த ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்ததையும் டாக்டரம்மா சொன்னதையும்தான் சொல்ல முடியும். எந்த மாதமானாலும் ரத்தம் பட்டால் போக வேண்டும். கடைசி மாதங்களில் வலியே இல்லாமல் ரத்தம் கொட்டினால் நஞ்சு வாயிலை அடைத்திருக்கலாம்; வயிறு கட்டையாக இறுகி வலியோடு வந்தால் நஞ்சு பிரிந்திருக்கலாம்; இரண்டும் ஆபத்து. பனிக்குட நீர் கசிந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது; பச்சையாக இருந்தால் நிமிஷம் தாமதிக்கக் கூடாது. ஜுரமும் குளிரும், குடித்த தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, வழக்கமாகத் துடிக்கும் குழந்தை அடங்கிப் போவது, விடாத தலைவலி, கண்ணில் மினுமினுப்பு, மூச்சு முட்டுவது. பிரசவமாகிவிட்டது என்பதால் இவை தீர்ந்துவிடுவதும் இல்லை. குழந்தை பிறந்து ஆறு வாரம் வரை இதே கவனம் வேண்டும். வலிப்பு பிரசவத்துக்குப் பின்னாலும் வரும்.

வாந்தி என்றதும் ஞாபகம் வருகிறது. ‘ஜேன் அயர்’ எழுதிய சார்லட் பிராண்டி, கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாமல், 1855 மார்ச் 31-ல் முப்பத்தெட்டு வயதில் இறந்தாள். க்ஷயம் என்று எழுதினார்கள். அவள் அப்போது கர்ப்பிணி. ஓயாத குமட்டலும் வாந்தியுமாக மெலிந்து போனாள். மசக்கை முற்றியதாலேயே அவள் இறந்திருக்க வேண்டும் என்று பிற்காலத்து வைத்தியர்கள் பலர் நினைக்கிறார்கள். இன்று கையில் ஒரு குழாயை மாட்டி உப்புநீர் ஏற்றினால் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்திருப்பாளோ என்னவோ! மசக்கைதானே, எல்லாருக்கும் உள்ளதுதானே என்று அந்த வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

என் அக்காள் மகளுக்கு, அழுத்தத்தை மாத்திரையால் இறக்கி, குழந்தையின் நுரையீரல் முதிர ஊசி போட்டு, இரண்டு நாள் காத்திருந்து ஆபரேஷன் செய்தார்கள். பெண் குழந்தை. 1 கிலோ 800 கிராம். கண்ணாடித் தொட்டிலில் பன்னிரண்டு நாள் இருந்தது. இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, ஓயாமல் பேசுகிறது.

2022-ல் அவள் மறுபடியும் உண்டானாள். ஒரு தடவை அப்படி வந்தவர்களுக்கு மறுபடியும் வரக்கூடும் என்பதால், பன்னிரண்டாவது வாரத்திலிருந்து தினம் ராத்திரி சின்ன அளவில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று மாப்பிள்ளை வாங்கி வைத்தார். அந்தத் தடவை நாலோ ஐந்தோ முறை அகால வேளையில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றவர் சம்பந்தியம்மாள்தான். புருஷன் முகத்தை அவர் பார்க்கவில்லை. புரட்டாசி மாதம் ஒரு ராத்திரி, இடுப்பு வலி என்று போய், விடியற்காலை மூன்று மணிக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்களாம். அந்த அம்மாள் நகரவில்லை. "பிரஷர் எவ்வளவுன்னு சொல்லுங்க, டாக்டர்" என்று கேட்டிருக்கிறார். 116-க்கு 74 என்று சொன்னார்கள். எழுதத் தெரியாதவர், வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தாராம். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட வந்த தெருப் பெண்களிடமெல்லாம், "நூத்திப் பதினாறு, எழுபத்தி நாலு" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.